மின்மாற்றி எண்ணெயில் பிசிபி மாசு: களச்சோதனையின் செயல்முறையும் அதன் முடிவைப் பொருள்கொள்ளும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

மின்மாற்றிகளில் மின்காப்புக்கும் குளிர்விப்புக்கும் பயன்படும் எண்ணெயில் பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கிறதா என்பதை, மின்மாற்றி நிற்கும் இடத்திலேயே சில நிமிடங்களில் சோதித்தறியும் முறைகள் உள்ளன. பரவலாகப் பயன்படும் இம்முறைகள் அந்த நச்சுப்பொருளை நேரடியாக அளப்பதில்லை; எண்ணெயில் உள்ள குளோரினை அளந்து, அதன்வழி நச்சுப்பொருளின் அளவை ஊகிக்கின்றன. எனவே சோதனையின் முடிவு எப்பக்கம் பிழைக்கக்கூடும் என்பதை அறிந்தே அதைப் பொருள்கொள்ள வேண்டும். களச்சோதனையின் வேதியியல் அடிப்படை, அதன் வரம்புகள், மாதிரி எடுத்தலில் நேரும் பிழைகள், ஆய்வக உறுதிப்பாட்டின் தேவை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மின்மாற்றி, காப்பு எண்ணெய், பிசிபி, களச்சோதனை, குளோரின், ஆய்வக உறுதிப்பாடு

முன்னுரை

மின்மாற்றியின் உலோகத் தொட்டிக்குள் கம்பிச் சுருள்களும் இரும்பு உள்ளகமும் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. இவ்வெண்ணெய் இரு பணிகளைச் செய்கிறது. உயர் மின்னழுத்தப் பகுதிகளுக்கிடையே மின்சாரம் தாவாமல் காக்கிறது. சுருள்களில் தோன்றும் வெப்பத்தைத் தொட்டியின் சுவருக்குக் கொண்டு சேர்க்கிறது. பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் கனிம எண்ணெயே இதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் அது தீப்பற்றக்கூடியது. கட்டடங்களுக்குள்ளும் ஆலைகளுக்குள்ளும் நிறுவப்படும் மின்மாற்றிகளுக்கு எளிதில் தீப்பற்றாத திரவம் தேவைப்பட்டது. அத்தேவையைப் பாலிகுளோரினேட்டட் பைபினைல்கள் நிறைவு செய்தன. இக்கட்டுரையில் இவை பிசிபி என்றே குறிக்கப்படுகின்றன.

பிசிபியின் வணிக உற்பத்தி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த அனிஸ்டன் நகரில் 1929இல் தொடங்கியது. 1935இல் அவ்வாலை மான்சாண்டோ நிறுவனத்தின் வசமானது. அந்நிறுவனம் இதனை அரோக்ளோர் என்ற வணிகப் பெயரில் விற்றது. ஜெர்மனியில் குளோஃபென், ஜப்பானில் கனெக்ளோர், சோவியத் ஒன்றியத்தில் சோவ்டால் எனப் பல பெயர்களில் இவ்வகைப் பொருள்கள் உற்பத்தியாயின. பிசிபி அடங்கிய தீப்பற்றாத மின்காப்புத் திரவங்களுக்கு அஸ்கரெல் என்பது பொதுப்பெயர்.

இப்பொருளுக்குச் சிறப்பைத் தந்த பண்பே அதன் கேட்டுக்கும் காரணமாயிற்று. எளிதில் சிதையாத பிசிபி, மண்ணிலும் நீரிலும் உயிரினங்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்குகிறது. 1966இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் சோரன் யென்சன், அந்நாட்டின் மீன்களிலும் கழுகிலும் பிசிபி இருப்பதை வெளிப்படுத்தினார். 1968இல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் பிசிபி கலந்ததால் யூஷோ எனப்படும் நோய் பரவியது. 1979இல் தைவானிலும் அத்தகைய கேடு நிகழ்ந்தது. 2013இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் பிசிபியைச் சேர்த்தது.

அமெரிக்காவில் 1977இல் இதன் உற்பத்தி நின்றது. எனினும் மின்மாற்றிகள் பல பத்தாண்டுகள் உழைப்பவை. உற்பத்தி நின்ற பின்னரும் பழைய எண்ணெய் அவற்றுள் தொடர்ந்து சுழன்றது. 2001இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, பிசிபி அடங்கிய கருவிகளின் பயன்பாட்டை 2025க்குள் நிறுத்தவும், அக்கழிவுகளை 2028க்குள் சூழலுக்குக் கேடின்றிக் கையாளவும் உறுப்பு நாடுகளுக்கு இலக்கு வகுத்தது. இவ்விலக்கை அடைவதற்கு, நச்சு எண்ணெய் எந்த மின்மாற்றியில் உள்ளது என்பது முதலில் தெரிய வேண்டும். அவ்வறிதலின் முதற்படியே களச்சோதனை.

1. மாசு பரவும் வழி

பிசிபியை நிரப்பியே உருவாக்கப்பட்ட மின்மாற்றிகளை அவற்றின் பெயர்ப்பலகையில் உள்ள திரவத்தின் பெயரைக் கொண்டு பெரும்பாலும் இனங்காணலாம். கனிம எண்ணெய் நிரப்பப்பட்டு, பின்னர் மாசடைந்தவற்றை அவ்வாறு காண இயலாது. எண்ணெயை வடிகட்டும் எந்திரம், ஏற்றி இறக்கும் பம்பு, குழாய், சேமிப்புத் தொட்டி ஆகியவற்றை இருவகை மின்மாற்றிகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்தும்போது ஒன்றிலுள்ள நச்சு மற்றொன்றுக்குச் செல்கிறது. குறைந்த எண்ணெயை நிரப்பும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. இத்தகைய மின்மாற்றியின் பெயர்ப்பலகை கனிம எண்ணெய் என்றே காட்டும்.

மிகச் சிறிய அளவு நச்சே பேரளவு எண்ணெயைக் கெடுக்கப் போதுமானது என்பதை ஒரு கணக்கு உணர்த்தும். அஸ்கரெலின் ஒரு வகை, எடையில் 60 விழுக்காடு பிசிபியும் 40 விழுக்காடு ட்ரைகுளோரோபென்சீனும் கொண்டது. அதன் ஒரு லிட்டர் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எனக் கொண்டால், அதிலுள்ள பிசிபி 900 கிராம். பல நாடுகளின் விதிகளில் எல்லையாக உள்ள அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கு, அதாவது ஒரு கிலோகிராம் எண்ணெயில் 50 மில்லிகிராம். இது 50 பிபிஎம் எனப்படுகிறது. 900 கிராம் பிசிபி, 18,000 கிலோகிராம் எண்ணெயை இவ்வெல்லைக்குக் கொண்டுவரும். இது ஏறத்தாழ 20,000 லிட்டர். ஒரு லிட்டர் அஸ்கரெல், 200 லிட்டர் பீப்பாய்கள் நூற்றினைக் கெடுத்துவிடும் என்பது இதன் பொருள்.

சோதிக்கப்படாத எண்ணெய் மின்மாற்றியை விட்டு வெளியேறினால் அதன் பயணத்தைத் தடுப்பது கடினம். 1999இல் பெல்ஜியத்தில், மறுசுழற்சிக்காகத் திரட்டப்பட்ட கொழுப்பில் பிசிபி அடங்கிய மின்மாற்றி எண்ணெய் கலந்தது. அக்கொழுப்பு கால்நடைத் தீவனத்திலும், அதன்வழி கோழி, முட்டை, இறைச்சி ஆகியவற்றிலும் சேர்ந்தது. ஏறத்தாழ 50 கிலோகிராம் பிசிபி 500 டன் தீவனத்தில் கலந்ததாக மதிப்பிடப்பட்டது. 1978இல் அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில், முறையாக அழிக்கும் செலவைத் தவிர்க்க, பிசிபி கலந்த மின்மாற்றி எண்ணெய் நூற்றுக்கணக்கான மைல் நீளச் சாலையோரங்களில் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்டது. அம்மாசடைந்த மண்ணை வாரன் கவுண்டியில் புதைப்பதற்கு எதிராக 1982இல் எழுந்த மக்கள் போராட்டம் சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இவ்விரு நிகழ்வுகளும் எண்ணெய் தொட்டியை விட்டு வெளியேறும் முன்னரே அதன் தன்மையை அறிய வேண்டியதன் தேவையைக் காட்டுகின்றன.

2. களச்சோதனை முறைகள்

களத்தில் பயன்படும் முறைகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, அடர்த்திச் சோதனை. கனிம எண்ணெய் நீரைவிட இலேசானது. அஸ்கரெல் நீரைவிடக் கனமானது. ஒரு துளியை நீரில் இட்டால் முன்னது மிதக்கும், பின்னது மூழ்கும். தூய அஸ்கரெலை இனங்காண இது போதும். பத்து இலட்சத்தில் சில நூறு பங்கு கலந்த கனிம எண்ணெய் வழக்கம்போல் மிதக்கும் என்பதால், மாசடைந்த எண்ணெயை அறிய இம்முறை உதவாது.

இரண்டாவது, பைல்ஸ்டைன் சுடர்ச் சோதனை. சூடேற்றிய செப்புக் கம்பியில் எண்ணெயைத் தோய்த்துச் சுடரில் காட்டினால், குளோரின் முதலிய உப்பீனிகள் இருக்கும்போது சுடர் பச்சை நிறம் பெறும். இது அளவைத் தெளிவாகக் காட்டாது. மேலும், பிசிபி முழுமையாக எரியாதபோது அதனினும் கொடிய டைபென்சோபியூரான்கள் உண்டாகின்றன. 1981இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகர அரசு அலுவலகக் கட்டடத்தில் நேர்ந்த தீயில் மின்மாற்றித் திரவம் கசிந்து, புகைக்கரியோடு இந்நச்சுகள் கட்டடம் முழுதும் பரவின. அக்கட்டடம் 1994 வரை மீண்டும் திறக்கப்படவில்லை. எண்ணெயை எரித்துச் சோதிக்கும் முறையை இயன்றவரை தவிர்ப்பது நலம் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, நிறமாற்றச் சோதனை. இதற்கான கருவித்தொகுப்புகள் 50 பிபிஎம் போன்ற ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அமைக்கப்பட்டவை. குளோர்-என்-ஆயில் என்பது இவ்வகையில் நன்கறியப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 9079ஆம் எண் முறை, மின்மாற்றி எண்ணெயை இவ்வாறு சோதிப்பதை வரையறுக்கிறது.

நான்காவது, குளோரைடு அயனி மின்முனை கொண்ட கையடக்கக் கருவி. இதன் வேதியியல் அடிப்படை மூன்றாவது முறையை ஒத்தது. எல்லைக்கு மேலா கீழா என்று மட்டும் கூறாமல் ஓர் எண்ணையும் தருவது இதன் சிறப்பு.

3. நிறமாற்றச் சோதனையின் வேதியியல்

பிசிபி மூலக்கூறில் குளோரின் அணுக்கள் கரிம வளையங்களோடு உறுதியாகப் பிணைந்துள்ளன. அந்நிலையில் அவற்றை எளிய வினைப்பொருள்களால் கண்டறிய முடியாது. எனவே அப்பிணைப்பை உடைத்து, குளோரினை நீரில் கரையும் குளோரைடாக மாற்றுவதே சோதனையின் முதற்பணி.

முதற் சோதனைக் குழாயில் 5 மில்லிலிட்டர் எண்ணெய் எடுக்கப்படுகிறது. நெகிழிக் குழாய்க்குள் உள்ள கண்ணாடிச் சிமிழ்கள் வெளியிலிருந்து அழுத்தி உடைக்கப்படுகின்றன. வினையூக்கிக் கரைசல் உள்ள சிமிழ் முதலில் உடைக்கப்பட்டு எண்ணெயோடு கலக்கப்படும். அடுத்து உலோகச் சோடியம் உள்ள சிமிழ் உடைக்கப்படும். சோடியம் பிசிபியிலிருந்து குளோரினைப் பிரித்துக் குளோரைடாக்குகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குப் பின் இரண்டாம் குழாயில் உள்ள தாங்கல் கரைசல் இதில் ஊற்றப்படும். எஞ்சிய சோடியம் அழிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், மூடியைச் சற்றே திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். குளோரைடு நீர்ப்படலத்துக்குச் செல்கிறது. எண்ணெய் தனியே பிரிகிறது.

பிரிந்த நீர்ப்பகுதியில் 5 மில்லிலிட்டர் இரண்டாம் குழாய்க்கு மாற்றப்பட்டு, அதில் அளந்து வைக்கப்பட்ட மெர்குரிக் நைட்ரேட் சேர்க்கப்படுகிறது. குளோரைடு பாதரச அயனிகளைப் பற்றிக்கொள்ளும். இறுதியாக டைபினைல் கார்பசோன் என்னும் நிறங்காட்டி சேர்க்கப்படும். பற்றப்படாத பாதரசம் எஞ்சியிருந்தால் அது நிறங்காட்டியோடு சேர்ந்து நீலஊதா நிறம் தரும். குளோரைடு மிகுந்து பாதரசம் முழுதும் பற்றப்பட்டிருந்தால் கரைசல் நிறமற்றோ மஞ்சளாகவோ இருக்கும்.

இங்கு நினைவில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. நீலஊதா நிறம் தோன்றினால் எண்ணெய் எல்லைக்குக் கீழே உள்ளது. நிறம் தோன்றாவிடின் ஐயத்துக்குரியது. நிறம் தோன்றுவதையே ஆபத்தின் அறிகுறியாகக் கொள்ளும் இயல்பான எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறானது.

4. முடிவு எப்பக்கம் பிழைக்கும்?

குளோரினை அளந்து பிசிபியின் அளவைக் கூற வேண்டுமாயின், பிசிபியில் குளோரின் எத்தனை விழுக்காடு என்று கொள்ள வேண்டும். பிசிபி என்பது 209 சேர்மங்களின் குடும்பம். வணிகக் கலவைகளில் குளோரினின் பங்கு வேறுபடும். அரோக்ளோர் 1242 எனும் கலவையில் அது 42 விழுக்காடு; 1254இல் 54; 1260இல் 60. இக்கலவைப் பெயர்களின் இறுதி இரு இலக்கங்களே இவ்விழுக்காட்டைக் குறிக்கின்றன.

நிறமாற்றக் கருவித்தொகுப்பு அரோக்ளோர் 1242ஐ அடிப்படையாகக் கொள்கிறது. 50 பிபிஎம் அளவில் அதன் குளோரின் 21 பிபிஎம். இதற்கு மேற்பட்ட குளோரின் இருப்பின் நிறம் மறையும். மாசு உண்மையில் அரோக்ளோர் 1260ஆக இருந்தால் 35 பிபிஎம் அளவிலேயே 21 பிபிஎம் குளோரின் சேர்ந்துவிடும். 1254ஆயின் ஏறத்தாழ 39 பிபிஎம். அஸ்கரெல் முழுமையாகக் கலந்திருந்தால், அதிலுள்ள ட்ரைகுளோரோபென்சீனின் குளோரினும் கணக்கில் சேரும். மேற்கூறிய 60க்கு 40 கலவையில், பிசிபி ஏறத்தாழ 21 பிபிஎம் இருக்கும்போதே நிறம் மறைந்துவிடும்.

இவ்வாறு சோதனை, தேவைக்கு முன்னரே எச்சரிக்கும்படி அமைந்துள்ளது. தூய்மைப்படுத்தப் பயன்பட்ட குளோரின் கலந்த கரைப்பான்கள், கடற்காற்றின் உப்பு, வெறுங்கையின் வியர்வை ஆகியவையும் குளோரைடைக் கூட்டி நிறத்தை மறைக்கலாம். இவை பொய் நேர்மறை முடிவுகள். இவற்றால் நேர்வது கூடுதல் ஆய்வகச் செலவே.

பொய் எதிர்மறை முடிவே அஞ்சத்தக்கது. அதற்கான வாய்ப்புகள் குறைவெனினும் இல்லாமல் இல்லை. எண்ணெயில் நீர் மிகுந்திருந்தால் சோடியம் நீரோடு வினைபுரிந்து வீணாகும். குளோரின் முழுமையாகப் பிரியாது. சிமிழ் சரியாக உடையாவிடினும் குலுக்கல் போதாவிடினும் விளைவு அதுவே. குளோரின் குறைந்த கலவைகளும் தப்பக்கூடும்: 21 விழுக்காடு மட்டுமே குளோரின் உள்ள அரோக்ளோர் 1221, கணக்கின்படி 100 பிபிஎம் அளவை எட்டும் வரை நிறத்தை மறைக்காது. மின்மாற்றித் திரவங்களில் குளோரின் மிகுந்த கலவைகளே பெரிதும் பயன்பட்டதால் இக்குறை நடைமுறையில் பெரிதாவதில்லை. பிற கருவிகளின் எண்ணெய்க்கு இத்தொகுப்பைப் பயன்படுத்துவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

5. மாதிரி எடுத்தல்

சோதனை செம்மையாக அமைந்தும் மாதிரி தவறாக இருந்தால் முடிவு பயனற்றது. வடிப்பு வால்வில் தேங்கிய எண்ணெய் தொட்டியின் எண்ணெயைக் குறிக்காது என்பதால், முதலில் வரும் எண்ணெயைத் தனிக் கலத்தில் ஏந்தி விலக்க வேண்டும். ஒரே குழாயையோ உறிஞ்சியையோ பல மின்மாற்றிகளுக்குப் பயன்படுத்தினால், சோதிக்க வந்த செயலே மாசைப் பரப்பும். தொட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருக்கும்போது வால்வைத் திறந்தால் காற்றுக்குமிழ் உட்புகுந்து மின்முறிவு நேரலாம். மின்னிணைப்பைத் துண்டித்த பின் மாதிரி எடுப்பதே பாதுகாப்பானது.

செலவைக் குறைக்கப் பல மாதிரிகளை ஒன்றாக்கிச் சோதிக்கும் எண்ணம் எழுவது இயல்பு. பத்து மின்மாற்றிகளின் எண்ணெயைச் சம அளவில் கலக்கும்போது, அவற்றுள் ஒன்றில் மட்டும் 200 பிபிஎம் இருந்தால் கலவையில் அது 20 பிபிஎம் ஆகிவிடும். பத்தும் தூயவை என்ற தவறான முடிவு கிட்டும்.

எண்ணெயை மாற்றிய உடனே சோதிப்பதும் ஏமாற்றும். சுருள்களைச் சுற்றியுள்ள காப்புத்தாளிலும் மரத்துண்டுகளிலும் பழைய எண்ணெயின் ஒரு பகுதி ஊறியிருக்கும். மின்மாற்றி இயங்கி வெப்பமடையும்போது அது மெல்ல வெளிவந்து புதிய எண்ணெயில் கலக்கும். அமெரிக்க விதிகள், எண்ணெய் மாற்றிய மின்மாற்றியைத் தூயதென வகைப்படுத்தும் முன் அது ஏறத்தாழ மூன்று மாதம் இயங்கியிருக்க வேண்டும் எனக் கோரியதன் காரணம் இதுவே.

6. ஆய்வக உறுதிப்பாடு

களச்சோதனையில் ஐயத்துக்குரியதான எண்ணெய், வாயு வண்ணப்பிரிகை முறையில் ஆய்வகத்தில் உறுதி செய்யப்படுகிறது. இம்முறை பிசிபி சேர்மங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கிறது. குளோரின் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை மிக நுண்ணிய அளவிலும் உணரும் எலக்ட்ரான் கவர் உணரி அவற்றைப் பதிவு செய்கிறது. இவ்வுணரியை ஆங்கிலேய அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1950களில் உருவாக்கினார். காப்புத் திரவங்களில் பிசிபியை அளப்பதற்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61619ஆம் எண் தரநிலை இம்முறையையே வகுத்துள்ளது. கலவை எது, அளவு எவ்வளவு என்ற இரு வினாக்களுக்கும் இதில் விடை கிடைக்கிறது. எண்ணெயில் உள்ள பிற குளோரின் சேர்மங்களும் தனித்துத் தெரிகின்றன.

களச்சோதனையும் ஆய்வகச் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. ஆயிரம் மின்மாற்றிகளில் தொள்ளாயிரம் களச்சோதனையில் எல்லைக்குக் கீழே அமைந்ததாகக் கொண்டால், நூறு மாதிரிகளே ஆய்வகம் செல்லும். களச்சோதனையின் பயன் இவ்வாறு வடிகட்டித் தருவதில் உள்ளது.

7. இந்தியச் சூழல்

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. நடுவண் சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம் 2016 ஏப்ரலில் பிசிபி ஒழுங்குமுறை ஆணையை வெளியிட்டது. அவ்வாணை பிசிபியின் உற்பத்தியையும் இறக்குமதியையும் தடை செய்தது. அதன் பயன்பாடு முற்றிலும் நிற்பதற்கு 2025 டிசம்பர் 31ஐ இறுதி நாளாக வரையறுத்தது. பெங்களூரில் உள்ள நடுவண் மின் ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பின் துணையோடு நடந்த பிசிபி மேலாண்மைத் திட்டத்தில் பங்கேற்றது.

சட்டம் நாளைக் குறிக்கலாம். தொட்டியின் உள்ளே இருப்பதைக் காட்டாது. பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட மின்மாற்றி ஏலத்துக்குச் செல்லும்போது அதன் செம்புக்கும் இரும்புக்கும் எண்ணெய்க்கும் தனித்தனி விலை உண்டு. பிரிக்கும் பட்டறையில் எண்ணெயைக் கையால் தொடுபவர் அதன் வரலாற்றை அறியார். ஆகவே ஏலத்துக்கு முன், எண்ணெய் தொட்டியில் இருக்கும்போதே, சோதித்து முடிவைத் தொட்டியின் மேல் எழுதுவது அத்தொழிலாளர்க்குக் கிடைக்கும் முதற் பாதுகாப்பாகும்.

8. தமிழில் பதிவுமொழி

களச்சோதனை முடிவுகளை எழுதும் சொற்கள் பொருட்பிழைக்கு இடந்தரலாகாது. 'பிசிபி உள்ளது', 'பிசிபி இல்லை' என்னும் பதிவுகள் இரண்டும் சோதனை சொல்லாததைச் சொல்கின்றன. முதலாவது, குளோரினை நச்சாகக் கருதிவிடுகிறது. இரண்டாவது, 50 பிபிஎம் எல்லைக்குக் கீழே எஞ்சியிருக்கக்கூடிய நச்சை மறைக்கிறது. 'எல்லைக்குக் கீழ்', 'ஆய்வக உறுதி தேவை' என்னும் பதிவுகள் சோதனையின் பொருளுக்கு நேரானவை. 'நேர்மறை' என்ற சொல்லும் பொதுவழக்கில் நன்மையைச் சுட்டுவதால், தொழிலாளர்க்கான குறிப்புகளில் அதனைத் தவிர்ப்பது நலம். செயல்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதுவோர், நிறம் தோன்றினால் எல்லைக்குக் கீழ், தோன்றாவிடின் ஐயம் என்பதை முதல் வரியிலேயே கூற வேண்டும். சோதனைக் குழாயில் பாதரசம் இருப்பதால், பயன்படுத்திய தொகுப்பும் நச்சுக்கழிவே என்பதும் அக்குறிப்பில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

களச்சோதனை குளோரினை அளக்கிறது; பிசிபியை ஊகிக்கிறது. அவ்வூகம் பெரும்பாலும் எச்சரிக்கையின் பக்கமே சாயுமாறு அமைக்கப்பட்டுள்ளதால், முறையாக எடுத்த மாதிரியில் கிடைக்கும் 'எல்லைக்குக் கீழ்' என்ற முடிவை நடைமுறையில் நம்பலாம். மறுதலையான முடிவு ஆய்வக உறுதிப்பாட்டுக்கான அழைப்பு மட்டுமே. நீர் கலந்த எண்ணெய், ஒன்றாக்கிய மாதிரிகள், எண்ணெய் மாற்றியவுடன் எடுத்த மாதிரி ஆகிய மூன்றும் இந்நம்பிக்கையைத் தகர்ப்பவை. பெயர்ப்பலகையைக் கொண்டு மட்டும் மின்மாற்றியைத் தூயதெனக் கொள்ளாமல், எண்ணெய் தொட்டியை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துப் பதிவு செய்வதே நச்சு உணவுச் சங்கிலியிலும் பட்டறைகளிலும் சேராமல் தடுக்கும் வழியாகும்.